மணிக்கணக்கில் அளக்கப்படும் புலமை

'கௌரவ விரிவுரையாளர்' என்னும் தொடரை நாம் நாள்தோறும் கேட்கிறோம். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டமையால் அதன் பொருளை நின்று நோக்குவதில்லை. ஊதியம் கருதாது, தம் புலமையின் பொருட்டு மதிக்கப்பெற்று, அவ்வப்போது வந்து உரையாற்றிச் செல்லும் பெரியவர்க்கே இப்பெயர் பொருந்தும். நீதிமன்றப் பணி முடிந்தபின் சட்டக் கல்லூரியில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லிவிட்டு இல்லம் திரும்பும் வழக்கறிஞரை எண்ணிக்கொள்ளலாம். அவர்க்கு வாழ்வதற்கு வேறு தொழில் உண்டு. கல்லூரி தருவது கௌரவம் மட்டுமே. அதில் குறை கூற ஒன்றுமில்லை. இன்றோ, வேறு தொழிலும் வேறு வருவாயும் இல்லாத, வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பில் நிற்கின்ற இளையோர்க்கு அதே பெயரைச் சூட்டியிருக்கிறோம். கௌரவம் என்பது பெயரோடு நின்றுவிட்டது.

இன்னும் பல பெயர்கள் வழங்குகின்றன. மணிநேர விரிவுரையாளர், பகுதிநேர ஆசிரியர், தொகுப்பூதிய ஆசிரியர், ஒப்பந்த ஆசிரியர், நிர்வாக ஊதிய ஆசிரியர் என்பன அவற்றுட் சில. இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இவையெல்லாம் காரணப்பெயர்களே. ஆயின் காரணம் கற்பிக்கும் தொழிலில் இல்லை. சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அவர்க்குப் பணம் எவ்வாறு கொடுக்கப்படுகிறது என்பதை ஒவ்வொரு பெயரும் சொல்கிறது. அவர் எவ்வாறு கற்பிக்கிறார் என்பதை ஒன்றேனும் சொல்லவில்லை. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் ஆசிரியனுக்கு உவமை தேடியபோது நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் கொண்டுவந்து நிறுத்தினார். நல்லாசிரியன் அல்லாதவன் யார் என்பதையும் கூறினார். நிலையான ஆசிரியன், நிலையிலா ஆசிரியன் என்றொரு பாகுபாடு அவர் நூலில் இல்லை.

பகுதிநேர ஆசிரியருள் சிறந்து விளங்குவோரைக் கண்டறிந்து பாராட்ட வேண்டும் என்பதும், அப்பாராட்டு பொன்னாடையோடு முடிந்துவிடாமல் பதிவேட்டிலும் பணி ஆணையிலும் ஊதியத்திலும் இடம்பெற வேண்டும் என்பதும் நம் கருத்து. இதற்கு அரசின் ஆணையை எதிர்நோக்க வேண்டிய தேவை இல்லை. நம் கல்லூரிகள் தாமே செய்யத்தக்கவை பல உண்டு.

இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. மாணவர் பெருகினர், இரண்டாம் சுழற்சியும் சுயநிதிப் பிரிவும் வந்தன, அரசு உதவிபெறும் பணியிடங்கள் ஓய்வு பெற்றோரோடு சேர்ந்து காலியாயின. அரசுக் கல்லூரிகளின் நிலையும் இதுவே. உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் 2,331ஐ நிரப்ப ஆசிரியர் தேர்வு வாரியம் 2019இல் அறிவிக்கை வெளியிட்டது. அது நிறைவேறாமலே போயிற்று. 2024 மார்ச்சுத் திங்களில் 4,000 இடங்களுக்கு மீண்டும் அறிவிக்கை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எந்த வகுப்பும் பூட்டப்படவில்லை. யாரோ ஒருவர் நாள்தோறும் சுண்ணக்கட்டியோடு உள்ளே சென்றுகொண்டுதான் இருந்தார். அந்த 'யாரோ ஒருவர்' பற்றியே இங்குப் பேசுகிறோம்.

நாம் நன்கறிந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். முற்பகலில் ஒரு கல்லூரி, பிற்பகலில் வேறொரு கல்லூரி. இரண்டுக்கும் இடையே பேருந்துப் பயணம். மதிய உணவு பெரும்பாலும் அப்பயணத்திலேயே முடியும். வணிகவியல் இரண்டாமாண்டு மாணவர்க்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்துவது அவர்க்கு ஒதுக்கப்பட்ட பணி. பகுதி ஒன்று தமிழ் எத்தகைய வகுப்பு என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் அறிவர். மாணவர் தொகை மிகுதி, ஆர்வம் குறைவு. 'தேர்ச்சி பெற்றால் போதும்' என்னும் எண்ணத்தோடு கடைசி இருக்கையை நாடுவோரே பலர். அவ்வகுப்புக்குச் சீறாப்புராணத்தின் மானுக்குப் பிணை நின்ற படலம் பாடமாக இருந்தது.

வழக்கமாக அப்பகுதியை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? உமறுப் புலவர் வரலாறு, கதைச் சுருக்கம், அருஞ்சொற்பொருள், அணிநயம், தேர்வுக்குரிய வினாக்கள் எனச் செல்வோம். அவ்வம்மையார் வேறு வழியில் சென்றார். கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தார். கடன் கொடுத்தவர், கடனாளி, பிணையாளர் என்று தலைப்பிட்டார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 126ஆம் பிரிவில் பிணை ஒப்பந்தத்திற்கு இம்மூவரையே கூறுகிறது. வணிகவியல் மாணவர் அதைத் தம் பாடத்தில் படித்தவர்கள். வேடனை எந்தக் கட்டத்தில் எழுதுவது, மானை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வினவினார். கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவேன் என்று சொல்லிச் சென்ற மானுக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நின்ற இடம் எது என்பதை மாணவரே சொன்னார்கள். கடனாளி தவறினால் பிணையாளர் முழுப் பொறுப்பும் ஏற்க வேண்டும் என்பது சட்டம். அப்படியாயின் மான் திரும்பாதிருந்தால் என்னவாகும் என்று கடைசி இருக்கை மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான். அன்றைய வகுப்பு அவ்வினாவிலேயே முடிந்தது. மறுநாள் மான் தன் கன்றோடு திரும்பி வரும் செய்யுளை அம்மையார் படித்தபோது வகுப்பு அமைதியாகக் கேட்டது. வாக்குப் பிறழாமை என்பது அணிநயத்தினும் பெரிய செய்தி என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முஸ்லிம் மாணவரும் பிற சமய மாணவரும் ஒருசேர அமர்ந்த வகுப்பு அது. சமய நூல் என்று ஒதுங்கியிருக்கக்கூடியவர்கள் இலக்கியமாக அதனுள் நுழைந்தார்கள்.

இதற்காக அவர் வணிகவியல் துறை நண்பர் ஒருவரிடம் பிணைச் சட்டத்தை இரண்டு மாலைப் பொழுதுகள் பாடம் கேட்டார். அந்த இரண்டு மாலைகளுக்கு ஊதியம் எந்தப் பட்டியலிலும் இல்லை. வகுப்பில் நின்ற மணிக்கு மட்டுமே கணக்கு. ஆயத்தம், கட்டுரை ஏடு திருத்தம், கவியரங்கத்திற்கு மாணவரைப் பழக்குதல், தேர்வில் தவறியவர்க்குத் தனிப்பாடம் ஆகிய யாவும் அவ்வொரு மணிக்குள் அடங்கிவிட்டதாகக் கருதப்படுகிறது. கொத்தனார்க்கு நாட்கூலி கொடுப்பவர்கூடச் சாரம் கட்டிய நேரத்தைத் தனியே கழிப்பதில்லை.

மணிக்கணக்கின் விந்தை ஒன்றையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். செப்டம்பர் 5ஆம் நாள் ஆசிரியர் நாள். கல்லூரிகள் பலவற்றில் அன்று பிற்பகல் வகுப்புகள் நிறுத்தப்பட்டு விழா நடைபெறும். மாணவர் மலர் கொடுப்பர். பெரியோர் ஆசிரியப் பணியின் மேன்மையைப் பேசுவர். வகுப்பு நடவாத மணிக்கு மணிநேர ஆசிரியர்க்கு ஊதியம் இல்லை. ஆகவே ஆசிரியர் நாளன்று ஆசிரியருள் ஒரு சாரார் தம் வருவாயை இழந்து அமர்ந்து கைதட்டுகின்றனர். இதை எவரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை என்பதை நாம் அறிவோம். கணக்கு அவ்வாறு அமைந்துவிட்டது. எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விருதுகளைப் பற்றிச் சிறிது நோக்குவோம். ஒன்றிய அரசின் தேசிய நல்லாசிரியர் விருது நெடுங்காலம் பள்ளி ஆசிரியர்க்கே உரியதாக இருந்தது. 2023 முதல் உயர்கல்வி ஆசிரியர்க்கும் அது விரிவாக்கப்பட்டது; நல்ல செயல். ஆனால் அதற்குரிய தகுதிகளுள் முதலாவது, பரிந்துரைக்கப்படுபவர் நிரந்தரப் பணியிடத்தில் இருக்க வேண்டும் என்பது. முழுநேரக் கற்பித்தல் அனுபவம் ஐந்தாண்டு வேண்டும் என்பது அடுத்தது. பள்ளி ஆசிரியர்க்கான விருதிலும் ஒப்பந்த ஆசிரியர் விண்ணப்பிக்க இயலாது. கற்பித்தல் சிறப்புக்கு விருது என்று பெயர் சூட்டிவிட்டு, கற்பித்தலை நோக்கும் முன்பே நியமன ஆணையை நோக்குவது எவ்வாறு பொருந்தும்? ஓட்டப் பந்தயத்தில் காலணி உள்ளவர் மட்டுமே ஓடலாம் என்று விதித்துவிட்டு, வென்றவரை நாட்டிலேயே விரைவாக ஓடுபவர் என்று அறிவிப்பதை இது ஒக்கும். நாக் எனப்படும் தரமதிப்பீட்டு அவைக்குக் கல்லூரிகள் அளிக்கும் அறிக்கையிலும் ஆசிரியர் பற்றிய அளவீடுகள் முழுநேர ஆசிரியரையே சுற்றி வருகின்றன. பகுதிநேர ஆசிரியர் உருவாக்கிய மாணவர்தம் தேர்ச்சி விழுக்காடு அறிக்கையில் ஏறிவிடும்; ஆசிரியர் ஏறமாட்டார்.

அனுபவத்திற்கு மதிப்பளிக்கும் முயற்சி அறவே இல்லை என்று கூறுவதும் நேர்மையாகாது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் 2019 அறிவிக்கையில் கற்பித்தல் அனுபவத்திற்கு ஆண்டொன்றுக்கு 2 மதிப்பெண் வீதம், உச்ச அளவாக 15 மதிப்பெண் வைக்கப்பட்டிருந்தது. ஏழரை ஆண்டுகளோடு அக்கணக்கு முடிந்துவிடும். பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றியவரும் எட்டாண்டு பணியாற்றியவரும் ஒரே தட்டில் நிற்பர். அன்றியும் அது எண்ணியது ஆண்டுகளை. அந்த ஆண்டுகளில் வகுப்பறையில் நிகழ்ந்ததை அன்று. ஆர்வமின்றி வந்து சென்றவர்க்கும் இரண்டு. உயிரைக் கொடுத்துக் கற்பித்தவர்க்கும் இரண்டு.

தகுதி விதிகளின் கதை இன்னும் வருந்தத்தக்கது. இளநிலை வகுப்புகளுக்குக் கற்பிக்க ஆய்வியல் நிறைஞர் பட்டம் உடையோர்க்குத் தேசியத் தகுதித் தேர்விலிருந்து விலக்கு உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழு 2006இல் அறிவித்தது. அதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் நகையை அடகு வைத்துப் பிள்ளைகளை அப்பட்டத்திற்கு அனுப்பின. மூன்றே ஆண்டுகளில், 2009இல், அவ்விலக்கு எடுக்கப்பட்டது. 2022இல் ஆய்வியல் நிறைஞர் பட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. அப்பட்டம் பெற்ற தலைமுறையினர் நாம். நம் தலைமுறையின் தமிழாசிரியர் பலர் பகுதிநேரப் பணியிலேயே தேங்கி நிற்பதற்கு அவர்தம் புலமைக் குறை காரணம் அன்று. அவர்கள் ஏறி வந்த படிக்கட்டு பின்னால் அகற்றப்பட்டதே காரணம். தகுதித் தேர்வு வேண்டா என்று நாம் கூறவில்லை. ஒரே மனிதர் ஓராண்டில் தகுதியுடையவராகவும் மறு ஆண்டில் தகுதியற்றவராகவும் ஆனபோது, அவர் நடத்திய வகுப்பில் எந்த மாற்றமும் நிகழவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

பொருளியல் நிலை நீதிமன்றங்களின் கவனத்திற்கே வந்துவிட்டது. கௌரவ விரிவுரையாளர்க்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய் வீதம், திங்களுக்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் வழங்கலாம் என மானியக் குழு 2019 சனவரியில் நெறிமுறை வகுத்தது. தமிழக அரசுக் கல்லூரிகளில் வழங்கப்பட்டது அதில் பாதியளவைத் தாண்டவில்லை. 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மானியக் குழு வகுத்த அந்த 50,000 ரூபாயை வழங்குமாறு ஆணையிட்டது. குசராத்து மாநிலத்தில் 30,000 ரூபாய்க்குப் பணியாற்றிய ஒப்பந்த உதவிப் பேராசிரியர் தொடர்பான வழக்கில், 2025 ஆகத்துத் திங்களில், உச்ச நீதிமன்றம் அவர்க்கு உதவிப் பேராசிரியரின் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தை வழங்கப் பணித்தது. பொதுவிழாக்களில் குருவைப் போற்றும் சுலோகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, ஆசிரியரை நடத்தும் முறையில் அம்மதிப்பு தெரிய வேண்டும் என்னும் கருத்தையும் நீதிபதிகள் அத்தீர்ப்பில் பதிவு செய்தனர். அரசுக் கல்லூரிகளின் நிலையே இதுவென்றால், சுயநிதிப் பிரிவுகளின் நிலையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இம்மலரைப் படிக்கும் பெரியோர்க்குத் தத்தம் கல்லூரியின் சம்பளப் பட்டியல் தெரியும்.

சமுதாயப் பெரியோர்களிடம் சில சொற்கள் உரிமையோடு கூற விழைகிறோம். உழைத்தவனின் கூலியைக் காலம் தாழ்த்தாது கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழியை அறியாதவர் நம் ஆட்சிக்குழுக்களில் எவரும் இலர். புலமையைப் போற்றும் மரபும் நமக்குப் புதிதன்று. எட்டயபுரத்து உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவர் மறைவுக்குப்பின் அப்பணி தொடரப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் துணை நின்றார் என்பர். ஒரு புரவலர் மறைந்தபோது மற்றொருவர் பொறுப்பேற்றதால்தான் நமக்கு ஒரு காப்பியம் கிடைத்தது. புலவர் பருவத்திற்குப் பருவம் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியிருந்ததாக எந்தச் செய்தியும் இல்லை.

இன்னும் பழைய சான்று ஒன்றும் உண்டு. இடைக்கால அரபு நாட்டு மதரசாக்களில் 'முதர்ரிஸ்' எனப்படும் முதன்மை ஆசிரியரோடு 'முஈத்' எனப்படும் துணையாசிரியரும் இருந்தார். முதர்ரிஸ் சொன்ன பாடத்தை மாணவர்க்கு மீண்டும் சொல்லி, ஐயம் அகற்றி, மனத்தில் பதியச் செய்வது அவர் கடமை. அம்மதரசாக்களுக்கு எழுதி வைக்கப்பட்ட வக்ஃபு ஆவணங்களில் முதர்ரிஸுக்கு இவ்வளவு, முஈத்துக்கு இவ்வளவு, மாணவர்க்கு இவ்வளவு எனப் பிரித்து எழுதும் வழக்கம் இருந்தது. துணையாசிரியர்க்குக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் ஆவணத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கொடுப்பவர் மனநிலையைப் பொறுத்து அது கூடவோ குறையவோ இயலாது.

நம் கல்லூரிகள் செய்யத்தக்கவற்றுள் முதலாவதாக நாம் கருதுவது காலம் அளித்தல். சிறந்த பகுதிநேர ஆசிரியர் எனக் கண்டறியப்பட்டவர்க்குக் கேடயமும் பொன்னாடையும் தருவதினும் மூன்றாண்டுக்கான பணி ஆணை தருவது மேல். ஏப்ரல் இறுதியில் 'சூனில் பார்ப்போம்' என்று விடைகொடுக்கப்படும் ஒருவர், மே முழுவதும் அலைபேசியை நோக்கியபடி இருப்பார்; புதிய நூலொன்றைக் கையில் எடுக்க அவர்க்கு மனம் வராது. மூன்றாண்டு உறுதி பெற்றவர் ஆய்வைத் தொடங்குவார். அடுத்த ஆண்டு நடத்தப்போகும் பாடத்தை இவ்வாண்டே சிந்திப்பார். பயன் மாணவர்க்கே.

இதற்கு நிருவாகத்தினர் கூறும் மறுப்பை நாம் அறிவோம். தொடர் ஆணை கொடுத்தால், அனுபவச் சான்று கொடுத்தால், நாளை அதைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் செல்வர் என்பது அச்சம். அதன் பொருட்டே பருவ இறுதியில் பணிமுறித்து, இடைவெளி விட்டு, மீண்டும் சேர்க்கும் வழக்கம் பல இடங்களில் வேரூன்றியிருக்கிறது. அவ்வச்சம் முற்றிலும் பொய் என்று நாம் வாதிடமாட்டோம். ஆனால் ஒருவர் உண்மையில் பணியாற்றிய ஆண்டுகளை அவர் கையில் எழுதிக் கொடுக்க அஞ்சும் நிறுவனம், மாணவர்க்கு வாய்மையைக் கற்பிக்கும் தன் பாடத்திட்டத்தை எந்த முகத்தோடு அச்சிடும்? மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் பாடமாக வைத்தோர் நாம்தாமே. அதைக் கற்பிப்பவர் பணிக்குப் பிணை நிற்க ஒருவரும் இல்லை என்பது நமக்கு அழகன்று.

பதிவு பற்றியும் சிலவற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். தன்னாட்சிக் கல்லூரிகள் பகுதி ஒன்று தமிழுக்குத் தாமே செய்யுள் திரட்டு அச்சிடுகின்றன. அருஞ்சொற்பொருள் எழுதுதல், மெய்ப்புத் திருத்துதல் போன்ற பணிகளில் பகுதிநேர ஆசிரியர் கை இருக்கும். அட்டையில் பெயர் இராது. அதைச் சேர்க்க ஒரு காசும் செலவாகாது. நூலகத்தில் எடுக்கும் நூல்களின் எண்ணிக்கையில் வேற்றுமை வேண்டா. கருத்தரங்கிற்குச் செல்லும் நாளைப் பணிநாளாகக் கருதலாம். வருகைப் பதிவேடு தனி, அமரும் இடம் தனி என்பனவெல்லாம் நீங்க வேண்டும். இதைச் சொல்லும்போது நிரந்தரப் பணியில் உள்ள நம்மவரையும் நோக்கியே சொல்கிறோம். துறை அறையில் காற்றாடிக்குக் கீழுள்ள நாற்காலி யாருக்கு என்பதை எந்த நிருவாகமும் ஆணையிட்டதில்லை. கால அட்டவணையில் உணவு இடைவேளைக்குப் பிந்திய மணியும் சனிக்கிழமை வகுப்பும் யார் தலையில் விழுகின்றன என்பதும் துறைக்குள்ளேயே முடிவாகிறது.

சிறந்தாரை எவ்வாறு கண்டறிவது என்னும் வினா எழும், அது நியாயமானதே. மாணவர் கருத்துத் தாளை மட்டும் நம்பினால் எளிதாக மதிப்பெண் வழங்குபவரே முதலிடம் பெறுவார். அடுத்த ஆண்டு வேலை உண்டோ இல்லையோ என்னும் நிலையில் உள்ளவர்க்கு அத்தாள் ஒரு கத்தி. அவர் கண்டிக்க அஞ்சுவார், எழுத்துப்பிழையைச் சுழிக்க அஞ்சுவார். தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் பார்த்தால், கடினமான வகுப்பை ஏற்றவர் பின்தங்குவார். ஆகவே மூத்த ஆசிரியர் இருவர் முன்னறிவிப்போடு அவர் வகுப்பில் மாணவரோடு அமர்ந்து கேட்பதும், அவர் திருத்திய கட்டுரை ஏடுகளைப் பார்ப்பதும், படிப்பு முடித்து வெளியேறிய மாணவரிடம் இரண்டாண்டு கழித்து ஒரு கடிதம் வழிக் கேட்பதும் நல்ல வழிகள் எனத் தோன்றுகிறது. இவற்றுள் மூன்றாவதையே நாம் மிகவும் நம்புகிறோம். நல்லாசிரியரின் அருமை சில வேளைகளில் வகுப்பை விட்டு வெளியேறிய பின்னரே தெரியும். மேற்குறித்த வகுப்பில் மான் திரும்பாவிட்டால் என்னவாகும் என்று கேட்ட மாணவன் இன்று வங்கி ஒன்றில் கடன் பிரிவில் பணியாற்றுகிறான். பிணையாளர் கையொப்பம் வாங்கும்போதெல்லாம் அம்மையாரை நினைப்பதாக ஒருமுறை நம்மிடம் கூறினான். அச்செய்தி எந்தக் கருத்துத் தாளிலும் ஏறியிருக்க இயலாது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஊதியத்தை உயர்த்தாமல் இருப்பதற்கு விருதை ஒரு சாக்காகக் கொள்ளக்கூடாது. ஆண்டுக்கு ஒருவர்க்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பொற்கிழி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு, ஏனைய இருபது பேரின் விடுமுறைத் திங்கள் ஊதியத்தை மறந்துவிடுவது எளிது. அத்தகைய விருதுக்கு விருது இல்லாமலிருப்பதே நன்று. எல்லார்க்கும் உரிய அடிப்படை முதலில். சிறந்தார்க்குரிய சிறப்பு அதன்மேல். இவ்வரிசை மாறலாகாது.

நம் கல்லூரிகளில் அறக்கட்டளைகளுக்குக் குறைவில்லை. முதல் மதிப்பெண் பெறும் மாணவர்க்குத் தங்கப் பதக்கம், பெற்றோர் நினைவாகச் சொற்பொழிவு, நூலகத்திற்கு அலமாரி எனப் புரவலர் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். பகுதிநேர ஆசிரியரின் மே திங்கள் ஊதியத்திற்கென ஒருவர் எழுதி வைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. வைப்புநிதியின் வட்டியைப் பயன்படுத்துவதில் தயக்கம் உடையோர் கடைத்தெருவில் தமக்குள்ள கடைகளுள் ஒன்றின் வாடகையை இதற்கு ஒதுக்கலாம். திங்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் வாடகை வரும் சிறு கடையாயினும் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் ஆகிறது. ஒருவர்க்கு 25,000 எனக் கொண்டால் நால்வர்க்கு மே திங்கள் ஊதியம் 1,00,000 ரூபாய். எஞ்சும் 20,000 ரூபாயில் அந்நால்வரும் தமக்கு வேண்டிய நூல்களை வாங்கிக்கொள்ளலாம்.